குடிலின் நெற்றியில் பச்சை வளையம்

கொழும்பு கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு ஆண்டுதோறும் பிளாஸ்டிக் பச்சைதான். கடையிலிருந்து வரும், தையில் குப்பைக்குப் போகும். மண்ணில் பிறந்தவரை வரவேற்க மண்ணில் முளைத்த ஓர் இலைகூடவா இல்லை? இம்முறை அப்படிக் கேட்டவள் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் மேபல். கேட்டதோடு நில்லாமல் செய்தும் காட்டினாள்.

டிசம்பர், மரங்களைக் கத்தரிக்கும் காலம். பின்வீட்டுக் காளியப்பன் தோட்ட வேலை முடிந்து வருகையில் சைப்பிரஸ் கொப்புகளைச் சாக்கில் கட்டிவந்தார். சாண் அளவில் நறுக்கி, நுனிகள் ஒரே திசை பார்க்க அடுக்கிக் கொடுத்தார். மேபல் கம்பியை வட்டமாக வளைத்து, ஒவ்வொரு பிடியும் முந்தியதன் காம்பை மறைக்கும்படி வைத்துக் கட்டினாள். இடையிடையே சிவந்த குரோட்டன் இலை. மூன்று மாலைகளில் ஐந்து வளையங்கள். பெரியது குடிலின் நெற்றிக்கு.

குடில் கமிட்டித் தலைவர் கிளறன்ஸ் அதைத் தம் கையாலேயே மாட்டினார், முகர்ந்தும் பார்த்தார்.

"நுவரெலியாவுக்கே போன மாதிரி இருக்கு! காளி, மலைநாட்டுத் தோட்டத்தில இருக்கிற உன்ர சொந்தக்காரர் அனுப்பினதோ?"

"இல்லீங்க சேர். நான் வேலை செய்ற இடத்துல கத்தரிச்சது. பொரளை மயானத்துல."

கிளறன்ஸ் இறங்கிய வேகத்தில் ஏணி ஆடியது. "யேசுவே! பாலன்ட தலைக்கு மேல சவக்காலைக் கொப்பா? மேபல், உமக்கென்ன விசரா? காளி, கழட்டு. மற்ற நாலையும் எடுத்துக்கொண்டு போ."

காளியப்பன் ஏணியில் கை வைத்தார். பதினாறு ஆண்டுகளாக ஊராரின் கல்லறைகளில் புல் வெட்டிய கை அது. அது தொட்ட பச்சைக்கு ஊராரின் வாசலில் இடமில்லை என்பது அவருக்குப் புதிய செய்தியல்ல. எந்த வேதம் இதை எழுதியது? எழுதாததை அல்லவா நாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்!

கால் வைக்கப் போனவரை மேபல் ஏணியைப் பிடித்துக்கொண்டு தடுத்தாள். "நில்லுங்க அண்ணன். கிளறன்ஸ் அண்ணன், இது போறதெண்டா நானும் போறன். குடிலை நீங்களே சோடியுங்கோ."

"ஆக்கள் என்ன கதைப்பாங்கள், மேபல்?"

"இப்ப கதைக்கிறது நீங்க மட்டுந்தான்."

காளியப்பன் மெல்லச் சொன்னார்: "சேர் மறந்துட்டீங்க போல. நவம்பர்ல ஆத்துமாக்கள் திருநாளுக்கு வந்தப்ப, ஹியூபேட் ஐயா கல்லறைக்கு மேல மரம் கவிஞ்சு இருட்டாக் கெடக்கு, வெட்டிவிடுன்னீங்களே. அந்த மரந்தாங்க. குப்பையில போட மனசு வரல்ல."

ஹியூபேட், கிளறன்ஸின் அண்ணன். இறந்து இரண்டு வருடம்.

கிளறன்ஸ் வளையத்தைப் பார்த்தபடி நின்றார். சற்று முன் ஆசையாய் முகர்ந்த அதே வாசம் இன்னும் வந்துகொண்டிருந்தது. மேபலும் ஏணியை விடவில்லை.

பிறகு அவரே ஏணியில் ஏறினார். கொப்புகளை விரலால் நீவினார்.

"இடப்பக்கம் சாஞ்சு கிடக்கு. கீழ நிண்டு பாத்துச் சொல்லுங்க, காளி."

"இன்னுங் கொஞ்சம் மேல சேர்... ஆங், அப்பிடியே."

"நாளைக்கு வேலைக்குப் போகேக்க சின்னதில ஒண்டை அண்ணனுக்கு..." கிளறன்ஸ் ஏணியிலிருந்து இறங்கினார். "இல்ல, நானே வாறன். என்னையும் கூட்டிக்கொண்டு போங்க."