சேனாதிபதி கடை முன்பெஞ்சு

ரோட்டைப் பார்த்த பெஞ்சு. அதில் இடது ஓரம். பாய்லர் பக்கம் வேண்டாம், சுடும். ஓரமாக உட்கார்ந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கிளாஸை மேல் விளிம்பில் பிடிக்க வேண்டும், ரெண்டு விரலால். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், பிடித்துவிடலாம். அஞ்சு கடையில் அதுதான் கடைசி. அதுவரை வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பாவம் என்பார்கள். அதுதான் தாங்காது.

"மதினி, ஸ்வெட்டர் போட்டீங்களா? வெரசா வாங்க!" என்று கீழேயிருந்து சஃபீர் கத்தினான்.

"வாரேன்" என்றாள் ஜஹனாரா. அவ்வளவு நேரமும் அவள் அடுக்களை ஜன்னலில் நின்று, எதிர்ச்சாரியில் இருந்த சேனாதிபதியின் டீக்கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னிவாடியிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்து இருபத்து நாலு வருஷம். கீழே கணவர் ஒலியுல்லாவின் தைலக் கடை, மேலே வீடு. காய் நறுக்கினாலும் பாத்திரம் கழுவினாலும் கண்ணெதிரே அந்தப் பெஞ்சுதான். யார் எந்த இடத்தில் உட்காருவார்கள், யார் டீயை மூன்று மடக்கில் முடிப்பார்கள், யார் அரை மணி நேரம் ஆறவிட்டுக் குடிப்பார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தக் கடை டீயையும் தினம் குடிக்கிறாள். ஆனால் அது பிளாஸ்க்கில் வரும். பிளாஸ்க்கில் எது வந்தாலும் பிளாஸ்க் வாசம்தான் அடிக்கும்.

அங்கே போய் உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் சிக்கல். சொல்லியிருந்தால் அந்த ஆளோடு சண்டை போட்டிருக்கலாம். ஒருவரும் சொல்லாமலேயே பஜாரில் எந்தப் பெண்ணும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஒரு வளையலுக்கு ஆசைப்பட்டால் சொல்லிக் கேட்டுவிடலாம். ஒரு பெஞ்சுக்கு ஆசைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

சொல்லாமலே வழி பிறந்தது சஃபீரால்.

சஃபீர் அவள் கணவரின் கடைசித் தம்பி. இரண்டு வருஷம் பிராக் நகரத்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தான். வந்த முதல் நாள் சாப்பிடும்போது அந்தக் கதையைச் சொன்னான்.

"அங்க ஒரு டூர் இருக்கு அண்ணே. ஊரைச் சுத்திக் காட்ட மாட்டாங்க. பார் பாரா கூட்டிட்டுப் போவாங்க. கையில ஒரு பட்டை கட்டி விட்டுருவாங்க. கைடு ஒரு பொண்ணு. கொடையத் தூக்கிக்கிட்டு முன்னால அவ, பின்னால நாங்க முப்பது பேரு. ஒரு கடையில அரை மணி நேரம். விசில் அடிச்சா எந்திரிச்சு அடுத்த கடை. மொத்தம் ஆறு."

ஒலியுல்லாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "நீ எதுக்குடா போன?"

"கூட வேலை பாக்குறவன் சீட்டு வாங்கிட்டான். நான் ஆரஞ்சு ஜூஸ் அண்ணே. ஆறு கடையிலயும் ஆரஞ்சு ஜூஸ். ஆறாவது கடையில வயிறு பொருமி, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். இருக்குறதுலயே எனக்குத்தான் நல்லா ஏறிருச்சுன்னு நெனச்சு, தலையில தொப்பி மாட்டி எல்லாரும் கை தட்டுனாங்க."

"ஜூஸுக்குத் தொப்பியா?" என்று ஒலியுல்லா சிரித்ததில் புரை ஏறியது. ஜஹனாரா தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அதையே கொடைக்கானலில் டீயை வைத்துச் செய்யப்போவதாகச் சஃபீர் சொன்னபோது, அண்ணன் இன்னும் பலமாகச் சிரித்தார். "டீ குடிக்க ஒரு கைடா? ஏலே, இந்த ஊர்ல கண்ணக் கட்டி விட்டாலும் டீக்கடையிலதான் போய் முட்டுவான்."

சஃபீர் அசரவில்லை. நோட்டீஸ் ஒட்டினான். மழைக்காலம், காட்சி முனைகளில் மூடுபனியைத் தவிர வேறு காட்சி கிடையாது. அதனால் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த புதுஜோடி ஒன்று சிக்கியது. பிரியா, முகேஷ். ஆனால் அங்கே முப்பது பேர் போன இடத்தில் இங்கே இரண்டு பேர் என்றால் நன்றாகவா இருக்கும்? "மதினி, நீங்க ஒரு ஆளா வாங்க. அந்தப் பொண்ணுக்கும் துணையா இருக்கும்" என்றான்.

கடைசிக் கடை எது என்று மட்டும் கேட்டாள். சொன்னான். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதுபோல் திரும்பி நின்று, "சரி" என்றாள்.

மதியம் இரண்டரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூடினார்கள். அவளுடைய தையல் பெட்டியிலிருந்து எடுத்த பச்சை ரிப்பனைச் சஃபீர் மூவர் கையிலும் கட்டினான். சிவப்புக் குடையை விரித்துத் தூக்கிப் பிடித்து, விதிகளைச் சொன்னான்.

"பிராக்ல எடது கையாலதான் குடிக்கணும். மறந்து வலது கையில எடுத்தா தண்டனை. நமக்கு அது ஆகாது. அதனால நம்ம டூர்ல வலது கையாலதான் குடிக்கணும். மாத்துனா பாட்டுப் பாடணும்."

"எல்லாரும் வலது கையாலதாங்க குடிப்போம்?" என்றான் முகேஷ்.

சஃபீர் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பாட்டு இருக்காது" என்றான்.

முதல் கடை முத்துராஜுடையது. பிரியாவும் முகேஷும் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜஹனாராவும் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள்.

"அடடே, ஒலியுல்லா பாய் வீட்டம்மா!" முத்துராஜ் கல்லாவை விட்டு ஓடிவந்தார். "நீங்க இங்க உக்காரவா? உள்ள வாங்க பாயம்மா."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் தோள் துண்டால் துடைத்தார். அடுப்பைத் தாண்டி, சாக்குப் படுதாவுக்கு அப்பால், கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே போட்டார். அவ்வளவு மரியாதையை எப்படி மறுப்பது? அவள் சிலிண்டரைப் பார்த்தபடி டீ குடித்தாள். சிலிண்டரும் அவளைப் பார்த்தபடி இருந்தது. படுதா இடுக்கு வழியாகப் பிரியாவின் சிரிப்பு கேட்டது.

பரவாயில்லை, இது முதல் கடைதானே, என்று நினைத்துக்கொண்டாள்.

விசில் அடித்தது. இரண்டாவது கடை ஒரு பேக்கரி. அங்கே ஓனர் வீட்டம்மா செல்வி அவள் கையைப் பிடித்துக் கடையைத் தாண்டி, பின்கட்டைத் தாண்டி, வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டாள். டீயோடு பணியாரம் வந்தது. பணியாரத்தோடு மகள் வாங்கிய சான்றிதழ்கள் வந்தன. ஓட்டப்பந்தயம், கட்டுரைப்போட்டி, சுகாதார வாரம். சுகாதார வாரம் வரைக்கும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பெஞ்சில் ஆளில்லை. விசில் எப்போது அடித்ததென்றே தெரியவில்லை.

ரோட்டில் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஊரே இல்லை. தூரத்தில் சிவப்பாக ஒரு குடை மட்டும் மிதந்து போயிற்று. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அதன் பின்னால் ஓடினாள். ஓடும்போது தன்மேலேயே கோபம் வந்தது. நாற்பத்தாறு வயதில், ஒரு வாய் டீக்காக ஒரு குடைக்குப் பின்னால் ஓடுகிறவள் யார்? ஆனால் கால் நிற்கவில்லை. மனது வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது, கால் தன்பாட்டுக்கு ஓடிற்று. இருவரும் வேறு வேறு ஆட்கள்போல் இருந்தார்கள்.

குடை திரும்பியது. மீசை வைத்த ஒரு பெரியவர்.

"என்னம்மா, கேரட்டா?" என்றார். கையில் கூடை.

"இல்லங்க" என்று மூச்சு வாங்கினாள். ஓடிவந்ததற்கு ஏதாவது வாங்கினால்தான் மரியாதை என்று பட்டது. அரைக்கிலோ வாங்கினாள்.

கேரட்டோடு அவள் போய்ச் சேர்ந்தபோது மற்ற மூவரும் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"மூணாவது கடை" என்றான் சஃபீர். "ஓனர் அய்யம்பாளையத்துக்கு விசேஷத்துக்குப் போயிட்டாராம்."

"அப்ப அடுத்த கடைக்குப் போலாமே" என்றாள் பிரியா.

"அரை மணி நேரம்னா அரை மணி நேரம்தாங்க. ரூல்ஸு."

பூட்டைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். ஆளுக்கொரு கேரட் தின்றார்கள். பிரியா கேரட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குக்கா. எங்க ஊர்ல நான் டீக்கடைப் பெஞ்சுல எல்லாம் உக்கார்றதே இல்ல. எங்க மாமா அந்த வழியாத்தான் போவாரு."

ஜஹனாரா அவளை உற்றுப் பார்த்தாள். ஜீன்ஸ் போட்டிருந்தாள், தலைமுடியை வெட்டியிருந்தாள். இவளுமே ஒரு பெஞ்சில் உட்கார ஏழாயிரம் அடி ஏறி வர வேண்டியிருந்தது. அப்படியானால் நான் எத்தனை அடி ஏற வேண்டும்? நான் ஏற்கனவே மேலேதானே இருக்கிறேன்.

நாலாவது கடையில் நாற்காலிகள் உள்ளேதான். உட்கார்ந்திருந்தவர்களிடம் டீ மாஸ்டர், "பாய் வீட்டம்மா வாராங்க, எந்திரிங்கப்பா" என்றார். கடை முழுக்க எழுந்து கிளாஸோடு ரோட்டுக்குப் போயிற்று. அவர்களோடு பிரியாவும் முகேஷும்கூடப் போய்விட்டார்கள். காலியான ஆறு மேஜைகளுக்கு நடுவில் ஜஹனாரா மட்டும், பிள்ளைகள் வராத பரீட்சை ஹாலில் உட்கார்ந்த டீச்சர்போல இருந்தாள்.

"உங்களுக்கு என்ன மரியாதை பாருங்க மதினி!" சஃபீர் வாசலில் நின்று வியந்தான். "பிராக்ல எனக்கு ஒருத்தன் ஒதுங்கிக்கூட வழி விட்டதில்ல."

அவள் வயிற்றில் மூன்று டீயும் ஆறு பணியாரமும் ஒரு கேரட்டும் இருந்தன. ஆனாலும் இன்னும் டீ குடிக்காதவள்போலத்தான் இருந்தது.

கடைசிக் கடை. பனிக்குள்ளிருந்து முதலில் சேனாதிபதியின் பாய்லர் ஆவி தெரிந்தது, பிறகு பெஞ்சு. அதில் நாலு பேர். நடுவில் ஒலியுல்லா. அஸர் தொழுதுவிட்டு வந்து, தினமும் இந்நேரம் அங்கேதான் இருப்பார். அது தெரியாமலா? தெரிந்துதான் வந்தாள். ஆனால் மேலேயிருந்து பார்க்கும்போது அவருடைய உச்சந்தலைதான் தெரியும். முகம் தெரிந்தது இப்போதுதான்.

"வா வா" என்று சிரித்தார். "என்ன, டூரு முடிஞ்சுதா? தொப்பி யாருக்கு?"

பெஞ்சின் வலது நுனியில் கொஞ்சம் இடம் கிடந்தது. முகேஷ் கால் வலியில் முதல் ஆளாக அதில் உட்கார்ந்தான். சேனாதிபதி அவன் கையில் வடைத் தட்டைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, ஜஹனாராவைக் கண்ட மரியாதையில் மற்ற நாலு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

பெஞ்சு தராசுபோல ஒரு பக்கம் தூக்கிற்று. முகேஷ் வழுக்கிக்கொண்டு கீழே போனான். வடை அவனுக்கு முன்னால் போயிற்று.

"ஐயோ தம்பி!" என்று எல்லோரும் அவனைத் தூக்கக் குனிந்தார்கள். பிரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கலவரத்தில் யாரும் பார்க்காதபோது, ஜஹனாரா போய் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு சமமாயிற்று. முகேஷ் மறுபடியும் வலது நுனியில் உட்கார்ந்து, பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஈரமும் குளிருமாகப் பலகை உறைத்தது. மேலேயிருந்து பார்த்தபோது இப்படிக் குளிரும் என்று தெரியவே இல்லை.

சேனாதிபதி டீயை ஆற்றி எடுத்துத் திரும்பினார். அவள் இருந்த இடத்தைப் பார்த்து அப்படியே நின்றார். "பாயம்மா, நீங்க ஏன் இங்க? உள்ள ஃபேமிலி ரூம் இருக்கு, வாங்க" என்றார்.

ஃபேமிலி ரூம் எது என்று அவளுக்குத் தெரியும். வெங்காய மூட்டையும் பால் கேனும் கிடக்கும் இடம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதற்குள் அவர் கையில் எடுத்தும் விட்டார்.

"டீயைக் குடுங்கண்ணே, ஆறிரப் போகுது" என்றாள் அவள்.

கொடுத்தார். மேல் விளிம்பில் பிடித்தாள். சுட்டது. மாற்றிப் பிடித்தாள். அதுவும் சுட்டது. ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை தூக்கல். கொஞ்சம் ஏலக்காய். பிளாஸ்க் டீயில் ஏலக்காய் இருந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

ஒலியுல்லாவும் அவருடைய மூன்று சிநேகிதர்களும் கிளாஸோடு ரோட்டோரம் நின்றிருந்தார்கள். பெஞ்சின் நடுவில் நாலு பேர் இடம் காலியாகக் கிடந்தது. தூறல் போட ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் மிகவும் அன்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலியுல்லா பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஜஹனாரா, நீ உள்ள போய் உக்காந்துக்கயேன். எல்லாரும் நனையிறாங்க பாரு."

"எடம் கெடக்குல்ல. உக்காரச் சொல்லுங்க."

"அவங்களுக்குச் சங்கடமா இருக்குமா இல்லையா? உனக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஒரு அஞ்சு நிமிசம். எந்திரி."

நான் எழுந்தால் அந்தத் தம்பி மறுபடியும் விழுந்துவிடுவார் என்று சொல்லலாம். உண்மைதான். எல்லோரும் சிரிப்பார்கள், ஒலியுல்லாவும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் முகேஷுக்காக உட்கார்ந்திருக்கிறவளாக ஆகிவிடுவாள். அவள் அதை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"இல்லங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் இங்கயே இருக்கேன்."