கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால்

மேலாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் பெரிசாக்கு. எதைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். ஒரு மருத்துவமனைக்காகச் செய்த செயலியில் முதலில் நிறுவனச் சின்னத்தைப் பெரிசாக்கச் சொன்னார். அப்புறம் வரவேற்பு வாசகத்தை. அப்புறம், வெட்கமே இல்லாமல், தன் போட்டோவை. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் பட்டன் திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு ஒதுங்கிவிட்டது.

திரையை வரைந்தவள், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம். செயலி தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"கண்ணைப் பாதி மூடிப் பாருங்க சார். மங்கலாத் தெரியறப்ப எது படுதோ, அதுதான் முக்கியமானதா இருக்கணும்," என்று முதலிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல தூங்கறதுக்கு இப்படி ஒரு சாக்கா?" என்றார் பெரிசாக்கு. அவர் சிரித்த அளவுக்கு மற்றவர்களும் அளந்து சிரித்தார்கள்.

அக்காவும் போனில் அவர் பக்கம்தான். "அந்தாளு சொல்றதச் செஞ்சுட்டுப் போயேன்டி. உனக்கெதுக்கு வீம்பு?"

செய்தாள்.

செயலியைப் பார்க்க மருத்துவமனையின் தலைமை நர்ஸ் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே போனை வாங்கினார்.

"யாரோ ஒருத்தர் மூஞ்சி தெரியுது. காணாமப் போனவரா?"

"அது நான்தாங்க," என்றார் பெரிசாக்கு.

"சரி, ஆம்புலன்ஸ் எங்க? நெஞ்சு வலிக்கிறவன் கண்ணாடியத் தேடிட்டு இருப்பானா?"

பெரிசாக்கு உடனே விரலை நீட்டினார். "இந்தப் பொண்ணு புதுசு. இதுதான் வரைஞ்சது."

அவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட முதல் வரைவைச் சின்னவள் தன் போனில் திறந்து நீட்டினாள். வெள்ளைத் திரை, நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பட்டன், சுற்றிலும் வெற்றிடம். கண்ணாடி இல்லாமலே நர்ஸின் கட்டைவிரல் நேராக அதில் போய் உட்கார்ந்தது.

"இது போதும்."

"இதத்தான் நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றார் பெரிசாக்கு. "பட்டனைப் பெரிசாக்குன்னு."

சாயங்காலம் பணி நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள்.

"ஏன்டி, இதுல உன் பேரு எங்க?"

"கடைசி வரியப் பாருக்கா. மேல பாதித் தாளுக்கு மலை மாதிரி நிக்குதே, அது அவர் பேரு."