வெயில் படாத பக்கம்

பதினொன்று.

கண்டக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தெர்மாமீட்டர் மனம் மாறவில்லை. பதினொரு டிகிரி. எட்டைத் தாண்டினாலே அந்த ஊசி மருந்து குப்பைக்குத்தான்.

நல்லவேளை, கேரவனின் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது அசல் மருந்து இல்லை. மகள் ஒத்திகைக்காகக் கொடுத்த, தண்ணீர் நிரப்பிய குப்பிகள். ஆனால் பதினொன்று அசல். மறைக்கவும் வழியில்லை. எட்டிய உச்சத்தை அந்தக் குட்டித் தெர்மாமீட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் மகள், பெற்றோரை நன்றாகத் தெரிந்தவள். பார்த்துத்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"எவ்வளவு காட்டுது?" டிரைவர் சீட்டிலிருந்து கணவர் கேட்டார்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"அப்போ போச்சு."

அவரைத் தெருவே காற்றாடி சார் என்றுதான் கூப்பிடும். வானிலை நிலையத்தில் முப்பத்தோரு வருடம் காற்றை அளந்தவர். கண்டக்டரம்மா இருபத்தாறு வருடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதியவர். வண்டியின் விலாவில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. வேலை விட்டும் பழக்கம் விடவில்லை. சாப்பாடு தயார் என்பதற்கு இன்றைக்கும் சமையலறைக் கதவில் இரண்டு தட்டுத்தான்.

பழைய மினி பஸ் ஒன்றைக் கேரவனாக மாற்றி வாங்கியதும், "என்ன சார், எந்தப் படத்துல நடிக்கிறீங்க?" என்று தெரு கேலி செய்தது. அவர்கள் திட்டம் நாலு மாதச் சுற்று. வடக்கே போய்த் தெற்கே திரும்ப வேண்டும். போக, வர இரண்டு வழி: ஒன்று கடலோரம், ஒன்று மேட்டு நிலம். எதில் போய் எதில் திரும்புவது, எந்த மாதம் கிளம்புவது என்று காற்றாடி சார் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, சமையலறைச் சுவரில் இருந்த வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் அம்பு போட்டிருந்தார். நவம்பரில் கிளம்பி மேட்டு நிலம் வழியாகப் போவது. வாடைக்காற்று முதுகில் தள்ள, கடலோரமாகத் திரும்புவது.

எல்லாம் சரி. விரல்கள்தான் சரியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் காற்றாடி சார் ஸ்டியரிங் பிடிப்பார். போடாவிட்டால் சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டும். நாலு மாதத்துக்கு எட்டு ஊசி. ஒத்திகை ஓட்டத்தில் ஃபிரிட்ஜ் எட்டு டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்தான் மொத்தமாகத் தருவேன் என்று மகள் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தாள். கைப்பையில் போட்டாள்.

"அப்பா, அந்த அம்பை அழிச்சிடுங்க."

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு..."

"ஒரு தடவைதான் பார்த்தோமே. பதினொன்னு."

"மெக்கானிக்கு ஃபிரிட்ஜ் நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு!"

"அவர் ஷெட்டு நிழல்ல வச்சுப் பார்த்தாரு. நீங்க ஷெட்டுலயே நாலு மாசம் டூர் போறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை."

"வாய் மட்டும் அப்படியே அம்மாவோடது," என்று முணுமுணுத்தபடி காற்றாடி சார் எழுந்து போனார். ஆனால் அழி ரப்பரைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஒன்றரை மணி. கண்டக்டரம்மா துணிக்கடைக்குப் போகப் பஸ் ஏறினார். கால்கள் தாமாக வலது பக்கம் போயின. அங்கே இடமில்லை, எட்டுப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடது பக்கம்? ஆறு சீட் காலி. பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற ரெக்சினில் உட்காருவதைவிட நிற்பதே மேல் என்று அத்தனை பேரும் நின்றார்கள். வடக்கே போகிற மதிய பஸ். இருபத்தாறு வருடமாகப் பார்த்த காட்சி.

வடக்கே. மதியம். இடது பக்கம்.

ஒத்திகைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினோம்? பன்னிரண்டு. எந்தப் பக்கம் போனோம்? வடக்கே. ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம்?

கண்டக்டரம்மா கம்பியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பஸ் நின்றது.

"ஏம்மா, இந்த வண்டிக்குக் கண்டக்டர் நானா, நீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க தம்பி," என்று இறங்கினார் அவர்.

வீட்டு வாசலில் கேரவன் மேற்கு வெயிலுக்கு இடது விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. ஃபிரிட்ஜின் சூடு வெளியேறும் கம்பி வலை அந்தப் பக்கம்தான். தொட்டார். தோசைக்கல். வெந்து கிடக்கிற வாசல் வழியாக உள்ளே இருக்கிற சூடு எப்படி வெளியே போகும்?

"ஏங்க! இங்க வாங்க. கையை வைங்க."

கை வைத்த காற்றாடி சார் "ஆ!" என்றார். "துணி கட்டி மறைச்சிடலாமா?"

"மூக்கைப் பொத்தினா மூச்சு எப்படி விடும்?"

"ஃபிரிட்ஜையே அந்தப் பக்கம் மாத்திட்டா?"

"கேஸ் குழாயையும் சேர்த்துப் பிடுங்கணும். விடுங்க. நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. வடக்கே போனா காலைல இடது பக்கம் நிழல். தெற்கே வந்தா மதியத்துக்கு மேல நிழல். சரியா?"

"சரி."

"கடலோரத்துல குறுக்குக் காத்து எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"பதினொன்றரைக்கு. பன்னிரண்டுக்கு மேல இந்த மாதிரி உயரமான வண்டியை அங்க ஓட்டவே கூடாது." பதில் தயாராக வந்தது.

"அப்போ கடலோரம் காலைலதான் ஓட்டணும். மேட்டு நிலத்துல?"

"காலைல பத்து மணி வரைக்கும் மூடுபனி. மதியம்தான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

முகம் போன போக்கைப் பார்த்துக் கண்டக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடலோரமாக வடக்கே போக வேண்டும். மேட்டு நிலமாகத் தெற்கே திரும்ப வேண்டும். இரண்டு மாதம் யோசித்துப் போட்ட அம்பு தலைகீழ்.

"நான் முப்பத்தோரு வருஷம் காத்தை அளந்தவன்டி."

"யார் இல்லேன்னா? நீங்க காத்தை அளந்தீங்க. நான் வெயிலுக்குப் பயந்து நின்னவங்களுக்கு டிக்கெட் கிழிச்சேன்."

"நவம்பர்ல கடலோரமா வடக்கே போனா வாடை மூஞ்சியில அடிக்கும். பிப்ரவரி கடைசியிலதான் காத்து திரும்பும். அது வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா? என் விரலைக் கேட்டுப் பாரு."

அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

"இங்க இருந்தா ஊசி தவறாது. வழியில கெட்டுப்போனா பாதி ரோட்டுல நிப்போம். நாலு மாசம்தானே, இருந்துட்டுப் போவோம்," என்றார் கண்டக்டரம்மா. "முதல்ல உங்க பொண்ணைச் சம்மதிக்க வைக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளே கூட வந்தாள். காலை ஆறு மணிக்கு வடக்கே கிளம்பினார்கள். மகள் ஃபிரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறக்காமலே, கதவுக் கண்ணாடி வழியாகத் தெர்மாமீட்டரைப் படித்தாள். நாலு. நாலு. ஐந்து. பதினொன்றரைக்கு ஓர் ஏரிக்கரையில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் மணி ஒன்று ஆனது.

"அம்மா," என்றாள் மகள். "ஆறரை."

கண்டக்டரம்மா எழுந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். வந்த வாக்கிலேயே வண்டி வடக்கே மூக்கை நீட்டி நின்றது. வெயில் கம்பி வலையில் ஏறிவிட்டிருந்தது.

"ஏங்க, வண்டியைத் திருப்பணும். மூக்கு தெற்கே!"

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் புளிய மரம். நடுவில் வண்டியின் நீளத்தைவிட இரண்டு முழம்தான் அதிகம். காற்றாடி சார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஏழு என்றாள் மகள். கண்டக்டரம்மா ரவிக்கைக்குள்ளிருந்து பழைய விசிலை எடுத்தார்.

"வரட்டும்... வரட்டும்... இடது ஒடிங்க... இன்னும் ஒடிங்க... ஹோல்டான்!"

முன்னே, பின்னே, முன்னே, பின்னே. ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் விரல்கள் ஸ்டியரிங்கை முழுசாக வளைத்துப் பிடிப்பதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏழரை," என்றாள் மெதுவாக. மரத்துக்கு ஒரு சாண் மிச்சம் வைத்து வண்டி திரும்பியது. வலை நிழலுக்குள் வந்தது.

மூவரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழரை. ஏழரை. ஏழு. இரண்டு மணிக்கு ஆறு. தெற்கே திரும்பி வீடு சேர்ந்தபோது ஐந்து.

பிப்ரவரி கடைசி வாரம் ஒரு காலையில் மகள் எட்டு ஊசி அடங்கிய டப்பாவைத் தானே ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தாள். சமையலறைச் சுவர் வரைபடம் புது அம்போடு இப்போது டிரைவர் சீட்டுக்கு மேலே தொங்கியது.

"மதியம் நிறுத்தும்போது மூக்கு?"

"தெற்கே," என்றார்கள் இருவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

மகள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். இடது விலாவில், கம்பி வலைக்குப் பக்கத்தில், உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.