மூன்றாவது லயம் வரை

ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில், பழைய ஈயச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன மணல் மேட்டின் அடியைத் தோண்டி லோரி லோரியாக விற்றுக்கொண்டிருந்தார்கள். மேட்டுக்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். மேடு சரிந்தால் மணல் எதுவரை ஓடும் என்று கோலாலம்பூர் பொறியாளர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவள் டொரீன். அந்த லயங்கள் ஒன்றில் பிறந்தவள். தங்கை லில்லியன் இரண்டு பிள்ளைகளோடு இன்னும் அங்கேதான் இருந்தாள்.

மணலெல்லாம் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றையொன்று தள்ளி, உரசி, உருண்டு மூன்றாவது லயத்தில் போய்த்தான் நின்றன. மணல் விற்பவர்களிடம் காசு வாங்கியிருந்த அலுவலக முதலாளி டங்கன் துரை பார்த்தார். உராய்வுக்கான எண்ணை இரண்டு மடங்காக்கச் சொன்னார். வட்டங்கள் முதல் லயத்துக்கு முன்பே சமர்த்தாக நின்றுவிட்டன. “பார், ஆபத்தில்லை” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த மனிதர் ஒரு மேட்டையே எண்ணுக்குள் மறைத்தார்.

அதோடு விட்டாரா? “நீ அந்த ஊர்ப் பெண். நீ தமிழில் சொன்னால் நம்புவார்கள்” என்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வானம் கறுத்துக் கிடந்தது. லயத்து வாசலில் சனம் கூடி நின்றது.

டொரீன் சிரித்த முகத்தோடு பேசினாள். “ஒன்னும் ஆவாதுன்னு சொல்லச் சொல்றாரு. பச்சப் பொய்யி. மழ ஊறுனா மணலு மூணாவது லயம் வரைக்கும் ஓடியாரும். இப்பவே பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. மூஞ்சிய மாத்தாதீங்க லா, இவருக்குத் தமிழ் தெரியாது.”

துரைக்குச் சந்தேகம் தட்டியது. இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்து மேஸ்திரி, மண்டோர் பாலகிருஷ்ணனிடம், “என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார்.

“பயப்பட ஒன்றுமில்லை என்கிறாள், சார்” என்றார் மண்டோர். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சற்று நேரத்தில் மூட்டைகள் வெளியே வந்தன. துரையின் முகம் சிவந்தது. “எங்கே போகிறார்கள்?”

“உங்கள் எண் பொய் என்று சொன்னேன். அதனால் போகிறார்கள்.”

“இனி உனக்கு வேலை இல்லை!”

“வேலை நாசமாய்ப் போகட்டும்” என்றாள் டொரீன். லில்லியன் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்தாள். டொரீன் சின்னதை வாங்கித் துரையின் முன்னால் நீட்டினாள். “ஆபத்தில்லை என்றால் இவளை வைத்துக்கொண்டு இங்கேயே நில்லுங்கள்.”

முதல் தூறல் விழுந்தது. துரை மேட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காரை நோக்கி ஓடினார்.