எண்ணெயும் இளநீரும்

"அத்தை மாத்திரைய வாயிலயே வாங்க மாட்டேங்குறாக சேச்சி. நேத்து என் வெரலக் கடிச்சு வச்சுட்டாக."

உமாதேவி போனில் அழுதாள். குமுளியில் பிறந்து வளர்ந்தவள். ஓடைப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகும் அவளுக்கு அக்கா என்று வாயில் வராது, சேச்சிதான் வரும்.

"இன்னைக்கு வரேன். எதையும் திணிக்காத," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

நான் ஹுஸ்னா. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்து அனுப்பியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், குழாய் மாற்றுவேன், வலிக்கு மாத்திரை கொடுப்பேன். கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். இன்னொரு ஆள் போடுகிறோம் என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வண்டியைக் கண்டாலே ஜனங்களுக்கு ஆகாது. "தெருமுனையிலயே நிப்பாட்டுங்க" என்பார்கள். வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஒரு ஆள் போகப்போகிறது என்று அர்த்தமாம். நான் வாசலில்தான் நிறுத்தச் சொல்வேன். ஒளிந்து ஒளிந்து போவதற்கு நான் என்ன திருடவா வந்தேன்?

பஞ்சம்மாளுக்கு வாயில் புற்று. புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று திராட்சைப் பந்தலைக் காப்பாற்றியவர். முதல் தடவை நான் பார்த்தபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தோட்டத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது. மார்பின் என்கிற வலி மாத்திரையை ஆரம்பித்தோம். அடுத்த வாரம் போனால், எழுந்து உட்கார்ந்து கேரளத்து லாரிக்காரனிடம் பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்! கன்னத்தில் புண், பேச்சு பாதி குழறும். ஆனாலும் இறங்கி வந்தது லாரிக்காரன்தான்.

அந்த மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. பூட்டிய அலமாரியைத் திறக்க வைத்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்கி முடிப்பதற்குள் கஞ்சா விற்கிறவளைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்படி வாங்கி வந்ததை இந்த அம்மா துப்புகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? போகிற வழியெல்லாம் எனக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பஞ்சம்மாளின் அண்ணன் சுருளிவேல். எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகளுக்குத் தாய்மாமன் என்பதால் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். என்றைக்கும் இல்லாத மரியாதை. உள்ளே நடையில் ஒரு குலை இளநீர் சாய்த்து வைத்திருந்தது.

பஞ்சம்மாள் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, தாடை இறுகி, கை இரண்டும் மறுபடியும் கட்டில் சட்டத்தில். ஒரு வாரத்தில் ஆளே பாதியாகிவிட்டார்.

"அம்மா, வாயத் தொறங்க. மாத்திரை போட்டாத்தான் வலி கேக்கும்."

"நீயுமாத்தா?" என்றார்.

"என்ன நானும்?"

கட்டிலுக்கு அடியில் விரலை நீட்டினார். ஒரு பெரிய கிண்ணம் நிறைய நல்லெண்ணெய். அப்புறம் கதவு வழியாக அந்த இளநீர்க் குலையைக் காட்டினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்க, குழறிக் குழறி அவர் சொன்னது இதுதான்.

"எங்க ஆத்தா படுக்கையில கெடந்தப்ப எங்கண்ணந்தான் எண்ணெய் தேச்சான். இளநி வெட்டிக் குடுத்தது நானு. கல்யாணம் ஆகாத பிள்ள, எனக்கு என்ன தெரியும்? குடி ஆத்தா, குடி ஆத்தான்னு ஊட்டி விட்டேன். மறுநாளே போயிட்டா. எது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? மாத்திரையக் குடுத்து மயக்கிப் போட்டு, தூக்கிட்டுப் போயி உக்கார வைக்கத்தான பாக்குறீக?"

தலைக்கூத்தல் என்று இந்தப் பக்கத்தில் காதோடு காதாகச் சொல்வார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிரை, தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் குளிரவைத்து அனுப்பிவிடுவது. எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் கிடையாது. கேள்விப்பட்டதோடு சரி.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உமாதேவி வெளுத்துப்போயிருந்தாள். "சேச்சி, நீங்கதான சொன்னீக?"

சொன்னேன்தான். போன வாரம் அவள் போன் செய்து, அத்தைக்குத் தலை சிக்குப் பிடித்துப் போச்சு, வாய் வறண்டு ஒட்டிக்கொள்கிறது என்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து அலசி விடு, குடிக்க இளநீர் கொடு என்றேன். எத்தனையோ வீட்டில் சொன்னதுதான். இரண்டையும் சேர்த்து ஓடைப்பட்டியில் சொல்லக்கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. குமுளிப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அவள் நல்ல மனதோடு எண்ணெயையும் இளநீரையும் வாங்கி வந்து மாமியார் கண் எதிரிலேயே வைத்திருக்கிறாள்.

விடுவிடுவென்று முற்றத்துக்கு வந்தேன். மகன் ஈஸ்வரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"எண்ணெயும் இளநியும்னு ஆஸ்பத்திரியில இருந்தே சொல்லிட்டாகன்னு நெனச்சேன் அக்கா. அதான் மாமாவுக்குச் சொல்லி விட்டேன்."

"என்னன்னு சொல்லிட்டாக? ஒங்கம்மாவக் கொல்லுங்கன்னா?"

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். சுருளிவேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"கொல்லுறதுன்னு சொல்லாதீக நர்சம்மா. அவ கத்துறதக் காது குடுத்துக் கேட்டீகளா? நேத்துப் பூராவும் நான் தோட்டத்துல போயி உக்காந்திருந்தேன், அங்கனயும் கேக்குது. கூடப் பொறந்தவ. எம்புட்டு நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்க?" அவர் கண் கலங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எண்ணெய் வேணாம்னா விடுங்க. ஒங்க மாத்திரையிலயே கொஞ்சம் கூட்டிக் குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்."

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இதைப் பல வாயில் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அய்யா, போன வாரம் ஒங்க தங்கச்சி கத்துனாகளா? லாரிக்காரன்ட வெலை பேசிக்கிட்டு இருந்தாக. இந்த எண்ணெய்க் கிண்ணத்தப் பாத்துப் பயந்து மாத்திரைய நிப்பாட்டுனாக, அதுல வந்த வலி இது. நீங்களே வலியக் குடுத்துட்டு, நீங்களே அதப் பாத்து அழுகிறீக. அவுக சாகப்போறது எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும். அதுவரைக்கும் இது அவுக உசுரு. கூட்டிக் குடுக்குறதுக்கு என் கை கிடையாது."

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனேன். எடுத்ததற்கெல்லாம் பொய் சொல்லிச் சமாளிக்கிற ஆள் இல்லை நான். பஞ்சம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன்.

"எண்ணெயும் இளநியும் நான் சொல்லித்தான் வந்துச்சு. ஒங்க ஊருல அதுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு ரோசிக்கல. உமாதேவி மேல தப்பு இல்ல. என் மேலதான் தப்பு."

பஞ்சம்மாள் என்னையே பார்த்தார். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். வலியில் கிடக்கிற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எலும்பு வரைக்கும் உறைத்தது. "பைத்தியக்காரச் சிறுக்கி," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனிமே ஒருத்தர் கையாலயும் வாங்க மாட்டேன். உன் கையாலயும்தான்."

மார்பினை வீட்டு ஆள் ஒருவர் பொறுப்பில்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நோயாளி கையில் மொத்தமாகக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என் வேலை போகும், அந்த அலமாரி இனி யாருக்கும் திறக்காது. ஆனாலும் பிரிக்காத ஒரு அட்டையை மட்டும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"நீங்களே பிரிங்க. நீங்களே போடுங்க. நீங்களே வச்சுக்கங்க."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எத்தன முழுங்குனா சாவேன்?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு நீங்க வேணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் உண்மை. எத்தனையோ வீட்டுக்குப் போகிறேன். நான் கதவைத் தட்டினால் என் முகத்தில் சாவைப் பார்த்ததுபோல நிற்பார்கள். இந்த அம்மா ஒருத்திதான் "வந்துட்டியா, பழம் தின்னு" என்பார்.

பஞ்சம்மாள் நகத்தால் அட்டையைக் கீறி ஒன்றை எடுத்தார். தண்ணீர்ச் செம்பைத் தானே மோந்து பார்த்துவிட்டு விழுங்கினார். மிச்ச அட்டையை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் மேல் போன் போட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டில் சட்டத்திலிருந்து அவர் விரல்கள் தளர்ந்தன. நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. பிறகு கால்களைக் கீழே போட்டார்.

"அந்த எண்ணெய எடு," என்று உமாதேவியிடம் சொன்னார். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. உமாதேவியின் தோளைப் பிடித்தபடி பஞ்சம்மாள் முற்றத்துக்கு நடந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் நடப்பதை இனிப் பார்ப்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"ஒரு மணையப் போடு," என்றார். போட்டார்கள். "அண்ணே, இங்கன வந்து உக்காரு."

"நானா? எதுக்குத்தா?" என்றார் சுருளிவேல்.

பஞ்சம்மாள் கிண்ணத்தில் கையை விட்டு உள்ளங்கை நிறைய எண்ணெய் அள்ளினார். விரலிடுக்கில் வழிந்து தரையில் சொட்டியது. "நீதான மூத்தவன். வரிசைப்படி மூத்தவகளுக்குத்தான மொதல்ல? வா. நான் தேச்சு விடுறேன். இளநி உன் மருமவன் வெட்டுவான்."

சுருளிவேல் தன்னை அறியாமல் கையால் தலையை மூடிக்கொண்டார். அம்மா தலையில் எண்ணெய் வைத்த கை அது.

"எனக்கு என்னத்தா, நான் நல்லாத்தான இருக்கேன்," என்றார்.

"நானும் நல்லாத்தாண்ணே இருக்கேன்."

பஞ்சம்மாள் எண்ணெயைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "எழவு பாக்க வந்தவகல்லாம் பந்தலுக்குப் போங்க. பழம் வெட்ட ஆள் இல்லாம கெடக்கு. சும்மா உக்காந்து எவ்வளவு காப்பி குடிப்பீக?" நம்ப மாட்டீர்கள், ஏழெட்டுப் பேர் நிஜமாகவே கத்தரியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகச் சுருளிவேலும் போனார்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் சுருளிவேல் அங்கேதான் இருந்தார். தங்கச்சியின் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். பஞ்சம்மாள் அவரை எதற்கெடுத்தாலும் வைவார், அவரும் வாங்கிக்கொள்வார். மாத்திரையை மட்டும் கடைசி வரைக்கும் பஞ்சம்மாள் தன் கையால்தான் எடுத்தார். விழுங்க முடியாமல் போன பிறகு, தன் கண் முன்னால் உமாதேவியைப் பொடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உமாதேவி போன் செய்தாள். எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை போயிட்டாக சேச்சி. தூக்கத்துலயே, சத்தமே இல்ல. சுருளிவேல் மாமா பக்கத்துலதான் உக்காந்திருந்தாக."

நான் எதைக் கேட்கத் தயங்குகிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தல காஞ்சுதான் இருக்கு சேச்சி," என்றாள். "தொட்டுப் பாத்துட்டுத்தான் ஒங்களுக்குப் போன் போட்டேன்."