நம்மாளு கடை சிம்

சிம் தட்டைத் திறக்கிற ஊசியால் கடைக்காரன் காது குடைந்துகொண்டிருந்தான். ஒரு கண்ணை மூடி, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, உலகத்தையே மறந்து குடைந்தான். முடித்ததும் ஊசி நுனியில் வந்ததை ஒருமுறை ஆசையாகப் பார்த்து, அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, "போனைக் குடுங்க மேடம்" என்று கையை நீட்டினான்.

சிஸ்டர் கையிலிருந்த போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சிஸ்டர் என்றுதான் அவளைத் தெருவே கூப்பிடும். பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. சீழும் அழுகலும் படுக்கைப் புண்ணும் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிப்போனவை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. புண் என்ன செய்யும் பாவம், அது ஒன்றும் வேண்டுமென்று நாறவில்லையே என்பாள். ஆனால் சுத்தமாக இருக்க வசதி இருந்தும் அழுக்காக இருக்கிற மனுஷனைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. இந்தக் கடைக்காரன் அந்த ஜாதி.

"குடு, குடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அவள் கணவர்.

கணவருக்கு டைல்ஸ் வியாபாரம். விற்பனை இலக்கைத் தாண்டிய கடைக்காரர்களை எல்லாம் கம்பெனி நாலு நாள் வெளிநாடு கூட்டிவந்திருந்தது, ஜோடி ஜோடியாக. சிஸ்டர் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "எல்லாரும் பொண்டாட்டியோட வருவாங்க, நான் மட்டும் ஒத்தையா நிக்கணுமா?" என்று ஒரு வாரம் தூக்கி வைத்த முகத்தை அவர் இறக்கவே இல்லை. விமான நிலையத்திலேயே பளிச்சென்று ஒரு சிம் கவுண்டர் இருந்தது. சீருடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். இவர் போகவிடவில்லை. "இங்கல்லாம் கொள்ளையடிப்பான். ஓட்டலுக்குப் பின்னாடி ஒருத்தர் கடை வச்சிருக்காராம், நம்ம பாஷை பேசுவாராம். குரூப்ல போட்டிருக்காங்க. நம்மாளு."

அந்த நம்மாளுதான் இந்தக் காது குடைகிறவன்.

கடை ஒரு அலமாரி அகலம் இருந்தது. வெளியே சந்தில், மேலே வரிசையாக இருந்த ஏசிப் பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டி, குப்பை மூட்டைகளுக்கு நடுவே வழவழவென்று ஓடியது. உள்ளே விரிசல் விட்ட கண்ணாடி மேசை, அதை ஒட்டிய பழுப்பு டேப், டேப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட யாரோ ஒருத்தரின் முடி. சார்ஜர்களுக்கு மேல் பாதி தின்ற ரொட்டி ஒன்று கிடந்தது. அவன் எச்சில் தொட்டுத் தொட்டு அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். புகைப்படப் பக்கத்தில் அவன் விரல் ஈரம் பதிந்து, அவள் நெற்றியில் ஒரு வட்டம் பளபளத்தது.

திரும்பிப் போயிருப்பாள். போக முடியாதபடி ஊரில் ஒரு கால் இருந்தது.

மாமனாருக்குச் சர்க்கரை. வலது பாதத்தில், விரல்களை ஒட்டி, நாலு மாதமாக ஆறாத புண். காலை ஆறு மணிக்கு அவள் கட்டைப் பிரித்தால், ஐந்தே முக்காலுக்கே அவர் மகன் வாக்கிங் கிளம்பிவிடுவார். 'எனக்கும் சர்க்கரை வந்துடக் கூடாதுல்ல' என்பது அவர் நியாயம். கிளம்புவதற்கு முந்தின நாள் பாதத்தில் புதிதாகச் சிவப்பு ஏறியிருந்தது. சிஸ்டர் அந்தச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். பக்கத்தில் காகித அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். சர்ஜனிடம் காட்டினாள். அவர் அவளோடு வேலை பார்க்கிறவர். "சிஸ்டர், உங்க கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. சிவப்பு கோட்டைத் தாண்டாத வரைக்கும் மாத்திரை போதும். தாண்டிச்சுன்னா அன்னைக்கே கொண்டுவந்துடுங்க. விரலோட போகும். விட்டா காலோட போகும்" என்றார். இன்றைக்குப் பகல் பதினொரு மணி வரைதான் அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். அதன் பிறகு மூன்று நாள் ஊரில் இல்லை.

கட்டு மாற்றும் வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தினமும் காலையில் படம் அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு. படம் வந்தது, ஓட்டல் வைஃபையில் அது திறக்கவில்லை. மங்கலாக ஒரு சதுரம், நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். கீழே நாத்தனார் எழுதிய வரி மட்டும் தெரிந்தது: கோட்டுக்குள்ளதான் இருக்கு அண்ணி, பயப்படாதீங்க.

"அதான் கோட்டுக்குள்ள இருக்குன்னு சொல்றாளே" என்றார் கணவர். "அப்புறம் என்ன?"

"நான் பாக்கணும்."

ஊரில் மணி பத்தாகியிருந்தது. சிஸ்டர் போனைக் கொடுத்தாள். காது குடைந்த ஊசி அவள் போனின் துளைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய சிம்மை எடுத்து ரொட்டிப் பக்கத்தில் வைத்தான். கணவர் தன் போனைத் தரவில்லை. கடை நம்பரைக் கழற்றினால் வியாபாரம் போய்விடுமாம். இவள் போனிலிருந்தே தானும் நெட் எடுத்துக்கொள்வாராம். அவள் புது சிம்முக்கு அவர் இப்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"லாக்கைத் திறங்க மேடம். செட்டிங் பண்ணணும்."

திறந்து கொடுத்தாள். அவன் எதை எதையோ அழுத்தினான். உதட்டைப் பிதுக்கினான். "நெட் வரலியே. மேடம் போன்ல இடமே இல்ல, ஃபுல்லா இருக்கு. போட்டோதான் அடைச்சிருக்கும். இருங்க பாக்கறேன்."

"போட்டோவுக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இப்படிக் குடுங்க."

"ஒரு நிமிஷம் மேடம், இது எங்க வேலை" என்று சொல்லிக்கொண்டே அரைவாசி திரும்பி நின்றான். முதுகு அவள் பக்கம், போன் அவன் நெஞ்சுப் பக்கம். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு ஊறியது. அந்தச் சிரிப்பைச் சிஸ்டருக்குத் தெரியும். பஸ்ஸில் தெரியும், வார்டில் தெரியும். சுற்றுலா வந்த வீட்டுப் பெண்களின் போன் எத்தனை இந்த மேசைக்கு வந்ததோ, அத்தனையிலும் இவன் விரல் இப்படித்தான் புகுந்து மேய்ந்திருக்கும். கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு போன் உறையை எடுத்து விலை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவன் என் போட்டோவைப் பாத்துட்டிருக்கான்."

"செட்டிங் பண்றாரு. நம்மாளுதானே, சும்மா இரு."

நம்மாளின் விரல் ஒரு படத்தைத் தொட்டுப் பெரிதாக்கியது. சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த படம். அதற்கு அடுத்தது. முகம் வெளுத்தது. போனைத் தேள் கொட்டியது மாதிரி மேசையில் போட்டுவிட்டு, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தான்.

"என்ன கருமம் மேடம் இது? மனுஷன் இப்பத்தான் சாப்பிட்டேன்."

கணவர் எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு பாதம். கட்டு பிரித்த புண், மஞ்சளும் சிவப்புமாக, ஓரத்தில் கறுத்து. பக்கத்தில் ஒழுங்காகக் காகித அளவுகோல்.

"சீ!" முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போன்ல வைக்கிற படமா இது? காலங்காத்தால. எவன் காலோ, எதுக்கு நமக்கு? பாஸ், நீங்க எல்லாத்தையும் அழிச்சு விடுங்க. இடமாச்சும் காலியாகட்டும்."

அவன் ஒற்றை விரல் நுனியால், தொட்டும் தொடாமலும், படங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினான். சிஸ்டர் மேசைக்கு மேல் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். ரொட்டி கீழே விழுந்தது.

"உங்க அப்பா கால்" என்றாள்.

கணவர் போன் உறையை அதன் கொக்கியில் மாட்டப் பார்த்தார், அது மாட்டவில்லை.

"நான் எங்க பாத்தேன்" என்றார் கடைசியில்.

"அதான் நானும் சொல்றேன்."

கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்பிரிட் பஞ்சு ஒன்றைக் கிழித்தாள். போனின் முன்னும் பின்னும், ஊசி போன துளையைச் சுற்றியும் அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் டிங் டிங் என்று அடித்தது. நெட் எப்போதோ வந்துவிட்டிருந்தது, பாவி சொல்லாமல் மேய்ந்திருக்கிறான். மங்கல் சதுரம் விலகிப் படம் தெளிந்தது.

சிவப்பு கோட்டுக்குள்தான் இருந்தது. நாத்தனார் பொய் சொல்லவில்லை. அளவுகோல் மட்டும் வைக்க மறந்திருந்தாள்.

ஆனால் சிஸ்டரின் கண் கோட்டில் நிற்காமல் அதன் பக்கத்துக்குப் போனது. மாமனாரின் பாதத்து மேல்புறத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு, இளவயதில் சைக்கிள் சங்கிலி கிழித்தது. கோடு போட்ட அன்றைக்கு அந்தத் தழும்பு கோட்டுக்கு வெளியே, இரண்டு விரல் தள்ளி இருந்ததாக அவளுக்கு ஞாபகம். இப்போது தழும்பு உள்ளே இருந்தது. ஞாபகத்தை நம்பாமல் பழைய படத்தை எடுத்தாள். நம்மாளு ஓங்கரித்த அதே படம். வெளியேதான் இருந்தது.

நாத்தனாருக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"கோட்டை யாரு போட்டது?"

"நீங்கதானே அண்ணி."

"இப்ப இருக்கிற கோட்டை."

எதிரே நாத்தனார் அழத் தொடங்கினாள். "நேத்து கால் கழுவும்போது சோப்புல அழிஞ்சு போச்சு அண்ணி. நீங்க திட்டுவீங்கன்னு நானே மறுபடி போட்டுட்டேன். சிவப்பு ஓரத்துலயே அச்சுப் பிசகாமத்தான் போட்டேன், நீங்க போட்ட மாதிரியே."

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அழிந்த கோட்டைத் திரும்பப் போட அந்தப் பெண் அந்தக் காலைக் கையில் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் நிற்கும் இந்த மனிதரால் படத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"அழாத. தப்பு இல்ல. இப்பவே ஆட்டோ பிடிச்சு அப்பாவைக் கூட்டிட்டுப் போ. பதினொரு மணிக்குள்ள டாக்டர் முன்னாடி இருக்கணும். நான் ரெண்டு படத்தையும் அவருக்கு அனுப்பிடறேன். எதுவும் சாப்பிடக் குடுக்காத."

மணி பத்தேகால். போய்விடலாம். விரல் போகும், கால் நிற்கும். அவள் மூச்சை விட்டாள்.

"போனை அப்பாகிட்டக் குடு."

திரையில் மாமனார் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலியில் தலையணை மேல் வைத்திருந்தார். "என்னம்மா, ஊரெல்லாம் சுத்திப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் மாமா. உங்களை இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா. ரெண்டு விரலை எடுக்க வேண்டி வரும்போல இருக்கு."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "எடுக்கட்டும். செருப்பு கொஞ்சம் லூசா இருக்கும், அவ்வளவுதானே. காலையாவது விட்டு வைப்பாங்களா?"

"விட்டு வைப்பாங்க. நான் பேசறேன்."

அதற்குள் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவோடு பேச வேண்டும் என்று இப்போது தோன்றிவிட்டது போலிருக்கிறது. அவள் கையிலிருந்த போனை வாங்கி, வாடிக்கையாளருக்குக் காட்டும் முகத்தை மாட்டிக்கொண்டு, "அப்பா" என்றார்.

மகன் முகம் தெரிந்ததுதான் தாமதம், கிழவர் அவசர அவசரமாக மடியில் கிடந்த போர்வையை இழுத்துக் காலை மூடினார். நாத்தனாரின் குரல் எங்கிருந்தோ, "மூடாதீங்கப்பா, துணி ஒட்டிக்கும்" என்றது. அவர் கேட்கவில்லை. விரல் நுனிகூட வெளியே தெரியாதபடி ஓரத்தைச் செருகிக்கொண்டார்.

"நீ எதுக்குப்பா இதெல்லாம் பாத்துக்கிட்டு" என்றார். "உனக்கு ஒத்துக்காது. நீ போய் பஸ்ஸைப் பாரு."

சிஸ்டர் கணவரின் முகத்தையே பார்த்தாள். போர்வையை எடுங்கப்பா, நான் பாக்கறேன் என்று அவர் சொன்னால் போதும். நாலு வார்த்தைதான். அதற்கு டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். நெட் வேறு இப்போது நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார் கணவர். முகத்தில் அப்பட்டமான நிம்மதி. போனை அவளிடம் நீட்டிவிட்டு, "நல்லவேளை, நேரத்துக்கு சிம் போட்டோம். நான் சொன்னேன்ல, நம்மாளு கடைன்னு" என்றார்.

சிஸ்டர் போனை இரண்டு விரலால் வாங்கினாள். சர்ஜனுக்கு இரண்டு படத்தையும் அனுப்பினாள். பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு ஸ்பிரிட் பஞ்சைக் கிழித்து, மறுபடி முதலிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

"அதான் அப்பவே தொடச்சியே" என்றார் அவர்.

"அது அவன் தொட்டதுக்கு" என்றாள் சிஸ்டர்.