தானாக நிற்காத சோதனை

குளிக்கப் போவதற்கு முன் அவர் கடைசியாகச் செய்தது, கணினியில் ஒரு விசையைத் தட்டிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டதுதான். "இத யாரும் தொடாதீங்க. தானா நிக்காது. நான் வந்து நிறுத்திக்கிறேன்," என்றார். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனாலும் 'யாரும்' என்றார். ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோல என்னிடம் பேசுவது அவர் வழக்கம்.

அவர் வீடியோ எடிட்டர். படுக்கையறையை ஒட்டிய சின்ன அறைதான் அவருடைய அலுவலகம். வேலை இழுக்கிறது என்று கணினிக்கு இன்னும் இரண்டு மெமரிப் பட்டைகள் வாங்கி வந்திருந்தார். ஏற்கெனவே இருந்த இரண்டும் அதே கம்பெனி, அதே ரகம். பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் வேகம் போட்டிருந்தது. இரண்டாக இருந்தவரை அந்த வேகத்தில்தான் ஓடின. நான்கையும் செருகியதும் சிக்கல் தொடங்கியது.

"பெட்டியில மூவாயிரத்து அறுநூறுன்னு போட்டிருக்கான். உள்ள ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம்தான் காட்டுது."

"பாதிக்குக் கொஞ்சம் மேல. உங்க அப்பா உங்களப் பத்தி என்கிட்ட சொன்னதுலயும் அவ்வளவுதான் தேறுச்சு."

"கொழுப்பு," என்றார், மேசைக்கு அடியிலிருந்து.

மெமரி எப்போதும் குறைந்த வேகத்தில்தான் கண் விழிக்கும் என்று எனக்கு விளக்கினார். எழுதியிருக்கும் வேகம் வேண்டுமென்றால் செட்டிங்கில் போய் நாமே அதைக் கேட்க வேண்டும். அவர் கேட்டார். திரை இருண்டது. உள்ளே விசிறிகள் சுற்றி நின்றன, மறுபடி சுற்றி நின்றன. பிறகு எதுவுமே நடக்காததுபோலப் பழைய குறைந்த வேகத்துக்கே வந்து நின்றது. மெமரியை இடம் மாற்றிச் செருகினார். அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்தார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். "ரெண்ட மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாது" என்பார். சட்னியில் உப்பையும் காரத்தையும் சேர்த்துக் கூட்டியதற்குக்கூட என்னை அப்படித்தான் திட்டியிருக்கிறார்.

பிறகு வேகத்தைப் படிப்படியாக இறக்கினார். 3400-இல் திரை வந்தது, ஆனால் மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓட்டியதும் சிவப்புக் கோடுகள் கொட்டின. 3200-இல் ஒன்றும் விழவில்லை. அந்தச் சோதனைதான் ஓடிக்கொண்டிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை மெமரியில் எழுதிப் படித்துப் பார்க்கும்; முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போதும் என்று மனிதர் யாராவது சொன்னால்தான் நிற்கும்.

"ஒரே ஒரு சிவப்புக் கோடு விழுந்தா போதும், அந்த வேகம் பொய். அதுல வேலை செஞ்சா தப்பு எந்த ஃபைலுக்குள்ள போய் உக்காரும்னு யாருக்கும் தெரியாது," என்று சொல்லியிருந்தார்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தொட்டி காலியாகப் போகிறது என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். கதவைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் உடைத்தார். தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, விழுவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அந்த அறையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம்.

வீடு நிறைந்தது. என் நாத்தனார் அறைக் கதவருகில் வந்து நின்றாள்.

"அண்ணி, கூடத்துல வைக்க அண்ணன் படம் ஒண்ணு வேணும். ஸ்டுடியோக்காரர் உடனே பெருசு பண்ணித் தர்றேங்கறார். எல்லாப் படமும் இதுலதானே இருக்கு?"

"இதுலதான்."

"அப்ப எடுத்துக் குடுங்க."

"இப்ப முடியாது. சோதனை ஓடுது. உங்க அண்ணன் போட்டுட்டுப் போனது."

"நிறுத்திட்டு, படத்த எடுத்துட்டு, மறுபடி போட்டுடுங்க."

"மறுபடி போட்டா அது நான் போட்டதாயிடும்."

"அவரையே தூக்கிட்டுப் போகப் போறாங்க. இந்தப் பொட்டிய நிறுத்த உங்களுக்கு மனசு வரலையா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கல்யாணப் படத்தை வெட்டி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, கடைசியில் ஓட்டுநர் உரிமத்திலிருந்த படத்தைப் பெரிதாக்கினார்கள். முகவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புள்ளி புள்ளியாக இருந்தார். "திருட்டுக் கேஸ்ல புடிச்ச மாதிரி இருக்கானே," என்று அவருடைய சித்தப்பா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பியவர்கள் மழையில் நனைந்திருந்தார்கள். சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னல்களையும் சாத்தினார்கள். படுக்க இடமில்லாமல் அந்தச் சின்ன அறையிலும் நாலைந்து பேர் காலை மடக்கிக் கிடந்தார்கள். உள்ளே போனால் மூச்சு முட்டியது. யாரும் எதையும் தொட்டுவிடக் கூடாதே என்று நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தத் திரையில் எதுவும் மாறாதவரை, அவர் குளித்துவிட்டு வந்து நிறுத்திக்கொள்வார் என்பதில் ஏதோ மிச்சமிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை வாங்கி வந்திருப்பார்கள்.

படுத்திருந்த சித்தப்பா தலையைத் தூக்கினார். "ஏம்மா, இதுல ஏதோ செவப்பா வருது. நான் எதையும் தொடலம்மா. கைய இங்கதான் வெச்சிருந்தேன்."

ஒரு சிவப்புக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொன்று.

அவர் கணக்குப்படி அந்த வேகம் பொய். பொய்யென்று தெரிந்த பிறகு ஓடவிட்டால் அது அவருடைய சோதனையாக இருக்காது. கால்களைத் தாண்டிப் போய் நிறுத்தினேன். திரை அணைந்தது. சித்தப்பா மறுபடியும், "நான் தொடலம்மா," என்றார். "நீங்க இல்ல மாமா," என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்களாம்.

உறவுகள் கிளம்பிப்போன பிறகு, மெமரி விற்ற கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும், பாப்போம்' என்று சொல்லும் மனிதர் என்பதால் வீட்டில் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். வந்தவர் நின்றபடியே பேசினார்.

"சூடும்மா. அன்னிக்கு ஜன்னல சாத்தி அத்தன பேர் இருந்தா உள்ள கொதிச்சிருக்கும். தாங்கலாமா வேணாமான்னு ஓரத்துல நின்னுட்டிருந்த மெமரி, கவுந்துடுச்சு. அதோட, பெட்டியில போட்டிருக்கிறது ரெண்டு போட்டா கிடைக்கிற வேகம். நாலு போட்டா போர்டு இழுக்காது. சார்கிட்ட வாங்கும்போதே சொன்னேன். ஆகட்டும் பாப்போம்னு அவரு சொல்லிட்டாரு."

"உங்ககிட்டயேவா?"

"என்கிட்டயேதான்." சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "புது ரெண்டையும் கழட்டிட்டா, பழசு ரெண்டும் முழு வேகத்துல ஓடும். கழட்டட்டுமா?"

"வேணாம். ஒரு படி இறக்கலாம். நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்."

அவர் சொல்லச் சொல்ல 3000-க்கு இறக்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை. சோதனையைத் தொடங்கிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

"தெறந்து வெச்சா நல்லதும்மா."

"கூட்டம் வந்தாலும் தாங்குதான்னு பாக்கணும்."

"ஆகட்டும்," என்றார்.

தாங்கியது. போதும் என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். அதன் பிறகு நாத்தனாரை வரச் சொன்னேன். வந்தாள். இருவரும் சேர்ந்து படங்களைத் திறந்து பார்த்தோம். அவள், நான், அவள் கணவர், கடற்கரை, பூனை, மறுபடி நான். கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. ஒரு படத்தில் மணலில் நீண்ட நிழல். இன்னொன்றில் ஓரத்தில் கட்டைவிரல்.

"நம்ம எல்லாரையும் எடுத்திருக்காரு," என்றாள் நாத்தனார். எல்லாம் பார்த்து முடித்ததும், "அன்னிக்கே நிறுத்தியிருந்தாலும் ஒண்ணும் கெடைச்சிருக்காது, இல்ல அண்ணி?" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலிக்கும்படிதான் பிடித்திருந்தாள்.

அவர் பாதியில் விட்ட வீடியோ வேலைகளை, கற்றுக்கொண்டே, இப்போது நான்தான் வெட்டி ஒட்டி முடித்துக்கொடுக்கிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது. அவருடைய நாற்காலியின் உயரத்தைக் குறைக்கவில்லை. அதில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது.